புடவைக்கடைக்காரரும் கொந்தராத்துக்காரரும் பிடித்த வானம்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

வகுப்பில் அண்டவெளி பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்பார்கள். ஒன்று: "சேர், இந்த நெபுலா, கலக்ஸிப் படங்கள் எல்லாம் உண்மையா, கொம்பியூட்டரில் செய்ததா?" மற்றது: "இதெல்லாம் நாசாவால மட்டும்தானே சேர் எடுக்க ஏலும்?"

முதல் கேள்விக்குப் பதிலைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. கடையும் தொழிலும் வியாபாரமுமாக வாழ்கிற எங்கள் ஊர் மாதிரியான ஊர்களுக்கு அந்தப் பதில் நன்றாகவே பொருந்தும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். நெபுலா என்பது நட்சத்திரங்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். கலக்ஸி என்பது கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த பெருந்தொகுதி. நாம் இருப்பது பால்வீதி எனும் கலக்ஸியில். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி, மங்கலான வெண்புகை போலத்தான் தெரியும். அதனால் நீண்ட காலம் இரண்டையும் நெபுலா என்ற ஒரே பெயரால்தான் அழைத்தார்கள்.

அஸ்ஸூபியின் சின்ன மேகம்

கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற அறிஞர் நிலையான நட்சத்திரங்கள் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். ரய் நகரில் 903 இல் பிறந்து, இஸ்பஹானிலும் ஷீராஸிலும் பணியாற்றியவர். 48 நட்சத்திரக் கூட்டங்களையும் அவர் ஒவ்வொன்றாக வர்ணித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று நாம் நிலத்தில் நின்று பார்க்கும்போது தெரிவது போல. மற்றது வான உருண்டையில் வெளியிலிருந்து பார்ப்பது போல.

அந்த நூலில் அன்ட்ரோமீடா நட்சத்திரக் கூட்டத்தின் பகுதியில், அரபிகள் பெரிய மீன் என்று அழைத்த உருவத்தின் வாய்க்கு முன்னால் ஒரு சின்ன மேகம் போன்ற மங்கலைக் குறித்து வைத்தார். இன்று நாம் அன்ட்ரோமீடா கலக்ஸி என்று அழைப்பது அதைத்தான். எங்களிடம் இருக்கும் பதிவுகளில் அதைப் பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பு அஸ்ஸூபியுடையது. ஐரோப்பாவில் தொலைகாட்டி வந்த பிறகு, 1612 இல்தான் சைமன் மாரியஸ் அதைப் பார்த்து எழுதினார்.

இந்தச் செய்தி அவ்வப்போது எங்கள் குழுக்களில் "முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு" என்று சுற்றி வரும். பெருமைதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மனிதர் செய்த வேலை என்ன என்பதை யாரும் பகிர்வதில்லை. அவருக்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் கிரேக்க அறிஞர் தொலமி நட்சத்திரங்களுக்கு ஓர் அட்டவணை தந்திருந்தார். எல்லோரும் அதைத்தான் பிரதி பண்ணிக் கொண்டிருந்தார்கள். அஸ்ஸூபி இரவிரவாக வானத்தைப் பார்த்து, நட்சத்திரங்களின் பிரகாசத்தைத் தன் கண்ணாலேயே மதிப்பிட்டு, தொலமி சொன்னது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுதினார். வந்ததை அப்படியே அனுப்பாமல் சரி பார்த்த மனிதர் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் கை மாதிரி, தகடு குடம் மாதிரி

அஸ்ஸூபிக்குப் பிறகு 900 வருடங்களாக அந்தச் சின்ன மேகம் ஒரு மேகமாகவே இருந்தது. தொலைகாட்டிகள் பெரிதாகின. 1845 இல் அயர்லாந்தில் ரொஸ் பிரபு 183 சென்றிமீற்றர் கண்ணாடி கொண்ட தொலைகாட்டியைக் கட்டி, வேறொரு நெபுலாவில் சுருள் வடிவத்தைக் கண்டார். ஆனால் பார்த்ததைக் கையால் வரைய வேண்டியிருந்தது. ஒரே நெபுலாவை நான்கு பேர் வரைந்தால் நான்கு விதமாக இருக்கும். நெபுலா மாறிவிட்டதா, வரைந்தவரின் கை மாறிவிட்டதா என்று சொல்ல முடியாது. 1847 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பொன்ட் என்பவர் அன்ட்ரோமீடாவுக்குள் இரண்டு கரிய கோடுகளைக் கண்டு வரைந்தார். அவை என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

பிரச்சினை தொலைகாட்டியில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கையை ஏந்தினால் விழுகிற தண்ணீர் விரலிடுக்கால் போய்விடும். எத்தனை மணி நேரம் ஏந்தினாலும் கை நிறையாது. அதே குழாயின் கீழ் ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போனால் விடியும்போது நிறைந்திருக்கும். எங்கள் கண் கை மாதிரி. ஒரு விநாடியில் சிறு பகுதி நேரம் மட்டும்தான் ஒளியைச் சேர்க்கும், பிறகு விட்டுவிடும். ஒளிப்படத் தகடு குடம் மாதிரி. மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும்.

ஆரம்பகால ஒளிப்படத் தகடுகளை ஈரமாக இருக்கும்போதே பாவிக்க வேண்டும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும், பிறகு பயன் இல்லை. 1871 இல் ரிச்சர்ட் மெடொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை அறிமுகப்படுத்தினார். அதே தசாப்தத்தின் முடிவில் மற்றவர்கள் அதை மேலும் கூர்மையாக்கினார்கள். குடம் தயார். இனி அதை இரவு முழுக்கக் குழாயடியில் வைத்திருக்கப் பொறுமையுள்ளவர்கள் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் யார்?

முதலில் ஒரு புடவைக்கடைக்காரர். லண்டனில் வில்லியம் ஹகின்ஸ் தன் குடும்பத்தின் பட்டுத்துணி வியாபாரத்தைப் பார்த்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. கடையை விற்று, நகரத்துக்கு வெளியே டல்ஸ் ஹில் என்ற இடத்தில் வீடு எடுத்து, வீட்டோடு சேர்த்து ஓர் அவதான நிலையத்தை அமைத்துக்கொண்டார். 1864 ஓகஸ்ட் 29 இரவு, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைகாட்டியைத் தொலைகாட்டியில் பொருத்தி ஒரு நெபுலாவைப் பார்த்தார். நட்சத்திரங்களின் கூட்டம் என்றால் வானவில் போல நிறங்கள் தொடர்ச்சியாக வரவேண்டும். அவர் கண்டதோ இருட்டில் பிரகாசமான பச்சைக் கோடுகளை. சூடான வாயு மட்டும்தான் அப்படி ஒளிரும். சில நெபுலாக்கள் வாயு முகில்கள் என்று முதன்முதலில் நிரூபித்தவர் அவர்தான். பிற்காலத்தில் பிரித்தானிய ரோயல் சொசைட்டியின் தலைவராகவும் ஆனார்.

அந்தப் பச்சைக் கோடுகளை மறந்துவிடாதீர்கள். 158 வருடங்களுக்குப் பிறகு இந்தக் கதையில் திரும்ப வரும்.

1880 செப்டெம்பர் 30 அன்று ஒரு வைத்தியர். நியூயோர்க்குக்கு அருகே தன் சொந்த அவதான நிலையத்தில் ஹென்றி ட்ரேப்பர் 28 சென்றிமீற்றர் தொலைகாட்டியால் ஒரியன் நெபுலாவை 51 நிமிடங்கள் படம் பிடித்தார். உலகில் எடுக்கப்பட்ட முதல் நெபுலாப் படம் அதுதான். இரண்டு வருடங்களில், 45 வயதில் அவர் காலமானார்.

அடுத்து ஒரு சுகாதாரப் பொறியியலாளர். அதாவது குழாய், வடிகான் வேலைகள். லண்டனின் ஈலிங் பகுதியில் வசித்த அன்ட்ரூ கொமன், பகலில் அந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே வீட்டுத் தோட்டத்தில் 91 சென்றிமீற்றர் கண்ணாடி கொண்ட தொலைகாட்டியை நிறுத்தினார். ஓர் ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: எங்கள் நாட்டில் மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கும் தொலைகாட்டி 45 சென்றிமீற்றர். அதைப் போல இரு மடங்கு அகலமானது அந்தக் காலத்தில் ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் நின்றது.

1883 ஜனவரி 30 அன்று அவர் 37 நிமிடங்கள் ஒரியன் நெபுலாவைப் படம் பிடித்தார். அந்தத் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, அதே தொலைகாட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தும் தெரியாத நட்சத்திரங்கள் அதில் இருந்தன. கமரா கண்ணை முந்திவிட்டது என்பதற்கு முதல் சாட்சி ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது. அடுத்த வருடம் ரோயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

நாலு மணி நேரம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்தவரிடம் வருகிறேன். ஐசக் ரொபர்ட்ஸ். வேல்ஸ் நாட்டின் கிராமம் ஒன்றில் 1829 இல் பிறந்தவர். இளவயதிலேயே லிவர்பூலில் ஒரு கட்டட நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் மாலை வகுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, தானே கொந்தராத்து எடுத்துக் கட்டடங்கள் கட்டும் பெரிய கொந்தராத்துக்காரரானார். எங்கள் ஊரில் இப்படி உழைத்து மேலே வந்தவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். வீடு, வாகனம், காணி என்று நாம் நிறுத்திக்கொள்கிற இடத்தில் ரொபர்ட்ஸ் ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு தொலைகாட்டி வாங்கினார். பிறகு 1885 இல், லிவர்பூலுக்கு அருகே மகல் என்ற இடத்தில் தன் வீட்டில் 51 சென்றிமீற்றர் தொலைகாட்டியை அமைத்தார்.

நீண்ட நேரம் படம் பிடிப்பதில் ஒரு பெரிய சிரமம் இருக்கிறது. பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தொலைகாட்டியும் அதே வேகத்தில் நகராவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். அதற்காக மணிக்கூட்டுப் பொறியால் தொலைகாட்டியைச் சுழற்றினார்கள். அந்தப் பொறியும் துல்லியமாக ஓடாது. ஆகவே ஒருவர் இரவு முழுக்கக் குளிரில் உட்கார்ந்து, ஒரு நட்சத்திரத்தைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, அது நகரும் போதெல்லாம் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தேநீர் குடிக்கப் போகவும் வழியில்லை.

1888 டிசெம்பர் 29. வட இங்கிலாந்தின் குளிர்காலம். ரொபர்ட்ஸுக்கு 59 வயது. அஸ்ஸூபியின் அந்தச் சின்ன மேகத்தை நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பி நாலு மணி நேரம் ஒளியைச் சேர்த்தார். தகட்டில் வந்ததைப் பார்த்து வானியலாளர்கள் திகைத்தார்கள். அது மேகமாக இல்லை. நடுவில் பிரகாசமான மையம், அதைச் சுற்றி வளைந்து செல்லும் சுருள் கரங்கள். பொன்ட் வரைந்த கரிய கோடுகள் இரண்டும் அந்தக் கரங்களுக்கு இடையிலான இருண்ட இடைவெளிகள். 900 வருடங்களாகக் கண் கேட்டுக் கொண்டிருந்த கேள்விக்கு ஒரு கொந்தராத்துக்காரர் பதில் கொண்டு வந்தார்.

பதிலின் பாதி என்றுதான் சொல்ல வேண்டும். படம் சரி, ஆனால் அதற்கு அவர் கொடுத்த விளக்கம் சரியில்லை. சுழலும் வாயுவிலிருந்து ஒரு சூரியனும் கோள்களும் பிறக்கும் காட்சிதான் இது என்று ரொபர்ட்ஸ் நம்பினார். அந்தக் காலத்தின் பெரிய அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். எவ்வளவு தெளிவான படமாக இருந்தாலும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் படம் தானாகச் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் சிறிய பொருளும் தூரத்தில் இருக்கும் பிரமாண்டமான பொருளும் தகட்டில் ஒரே அளவுதான்.

ரொபர்ட்ஸ் பற்றி இன்னும் இரண்டு விடயங்கள். அவரது மனைவி டொரொதியா க்ளும்கே பாரிஸில் 1893 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற வானியலாளர். 1904 இல் கணவர் காலமான பின்னர் அவர் எடுத்த படங்களை வைத்து வருடக்கணக்காக வேலை செய்து 1929 இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். ரொபர்ட்ஸ் தன் சொத்தில் பெரும் பகுதியை லிவர்பூல், பாங்கோர், கார்டிப் ஆகிய கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் புலமைப்பரிசிலுக்காக எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். சதகத்துல் ஜாரியா என்று நாம் மேடைகளில் பேசுகிறோம் அல்லவா? கல்விக்காக விட்டுச் செல்லும் சொத்து எப்படியிருக்கும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

தோட்டத்திலிருந்து மலை உச்சிக்கு

கொமனின் ஈலிங் தோட்டத்துத் தொலைகாட்டி என்ன ஆனது? அதை எட்வர்ட் க்ரொஸ்லி என்ற கம்பள உற்பத்தியாளர் வாங்கி, பிறகு கலிபோர்னியாவின் லிக் அவதான நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அங்கே ஜேம்ஸ் கீலர் 1898 முதல் அதனால் படங்கள் எடுத்து, வானத்தில் இப்படி ஒரு இலட்சத்துக்கும் அதிகமான நெபுலாக்கள் இருக்கலாம் என்றும் அவற்றில் பெரும்பாலானவை சுருள்கள் என்றும் காட்டினார்.

பின்னர் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் 2.5 மீற்றர் தொலைகாட்டி எழுந்தது. அதன் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தவர் லொஸ் ஏஞ்சல்ஸில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்த ஜோன் ஹூக்கர். 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் அதனால் அன்ட்ரோமீடாவைப் படம் பிடித்தார். தகட்டில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் முதலில் புதிய நட்சத்திரம் என்ற அடையாளத்தை இட்டவர், பழைய தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அதை வெட்டிவிட்டு "மாறும் நட்சத்திரம்" என்று வியப்புக்குறியோடு எழுதினார். கூடிக் குறையும் அந்த வகை நட்சத்திரத்தின் காலத்தை அறிந்தால் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதை ஹென்றியெட்டா லெவிட் 1912 அளவில் காட்டியிருந்தார். ஹபிளின் கணக்கில் தூரம் கிட்டத்தட்ட 9 இலட்சம் ஒளியாண்டுகள். இன்றைய கணக்கில் சுமார் 25 இலட்சம். எப்படிப் பார்த்தாலும் அது எங்கள் பால்வீதிக்கு வெளியே. அஸ்ஸூபியின் சின்ன மேகம் எங்களுடையதைப் போன்ற இன்னொரு கலக்ஸி. அண்டத்தின் அளவு ஒரே நாளில் மாறிப் போனது போல இருந்திருக்கும்.

புடவைக்கடை, வைத்தியர், வடிகான், கொந்தராத்து, கம்பளம், ஹார்ட்வெயார். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கடைக்குப் போகும் பிள்ளையிடம் "இனி உனக்கும் விஞ்ஞானத்துக்கும் சம்பந்தமில்லை" என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெயர்ப்பட்டியல் வேறு விதமாகச் சொல்கிறது.

குடம் திரும்பவும் வீட்டுக்கு வந்தது

ஹபிளுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய கண்டுபிடிப்புகள் பெரிய மலைகளின் உச்சியில்தான் நடந்தன. வீட்டில் பிலிம் சுருளோடு முயன்றவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் பிலிமில் நூறு ஒளித்துகள்கள் விழுந்தால் ஒன்றிரண்டுதான் பதியும். அதிலும் நேரம் நீள நீளப் பிலிமுக்குச் சோர்வு வந்துவிடும்.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் சீசீடி எனும் மின்னணுச் சில்லை உருவாக்கினார்கள். 2009 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல சில்லு ஒன்று நூறு ஒளித்துகள்களில் எண்பது, தொண்ணூறைக் கூடப் பிடிக்கும். இன்று கைத்தொலைபேசிக் கமராவில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சில்லுதான். ஹபிளிடம் இல்லாத அளவு கூர்மையான குடம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

கணனியும் சேர்ந்துகொண்டது. இப்போது நாலு மணி நேரம் ஒரே தகட்டை வைக்கத் தேவையில்லை. சின்னச் சின்னப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம். நெபுலா எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். கமராவின் புள்ளிப் புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். 100 படங்களை அடுக்கினால் நெபுலாவின் ஒளி 100 மடங்காகும், இரைச்சல் 10 மடங்குதான் ஆகும். ஆகவே படம் 10 மடங்கு தெளிவு. தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. ரொபர்ட்ஸ் குளிரில் உட்கார்ந்து செய்த திருத்தத்தை இப்போது ஒரு சிறிய கமராவும் மோட்டரும் தாமாகவே செய்துவிடும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? 2022 இல் பிரான்ஸைச் சேர்ந்த யான் சேன்டி 106 மில்லிமீற்றர் மட்டுமே அகலமுள்ள தொலைகாட்டியால் அன்ட்ரோமீடாவை நூறு மணி நேரத்துக்கும் மேல் படம் பிடித்தார். ஒரு தேநீர்த் தட்டை விடச் சிறிய வில்லை! அவரும் பிரான்ஸின் சேவியர் ஸ்ட்ரொட்னர், ஜேர்மனியின் மார்செல் ட்ரெக்ஸ்லர் ஆகியோரும் அந்தப் படங்களைச் சோதித்தபோது, கலக்ஸிக்கு அருகே வில் போல வளைந்த ஒரு பெரிய முகில் இருப்பதைக் கண்டார்கள். வானத்தில் அதன் நீளம் மூன்று முழுநிலவுகளை வரிசையாக வைத்தது போல. உலகின் அதிகமான தொலைகாட்டிகள் படம் பிடித்த கலக்ஸிகளில் ஒன்று அன்ட்ரோமீடா. அதன் பக்கத்தில் இவ்வளவு காலமும் யாரும் அதைக் காணவில்லை.

ஏன் காணவில்லை? அந்த முகில் ஒளிர்வது ஒரேயொரு பச்சை நிறத்தில், மிக மிக மங்கலாக. அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, அத்தனை மணி நேரம் யாரும் அங்கே குடத்தை வைக்கவில்லை. அந்தப் பச்சை எது? 1864 இல் புடவைக்கடைக்காரர் ஹகின்ஸ் கண்ட அதே பச்சைக் கோடு. அது எந்த மூலகம் என்று தெரியாமல் உலகம் அறுபது வருடங்களுக்கு மேல் குழம்பியது. இலத்திரன்கள் இரண்டை இழந்த ஒட்சிசன் என்று 1927 இல்தான் தெரிய வந்தது.

2023 இல் இந்தக் கண்டுபிடிப்பு தொழில்முறை வானியலாளர்களுடன் சேர்ந்து ஆய்விதழில் வெளியாயிற்று. அந்த முகில் அன்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, எங்கள் பால்வீதிக்குள்ளேயே இருக்கிறதா என்ற விவாதம் தொடர்கிறது. ரொபர்ட்ஸ் காலத்தைப் போலவே. படம் வந்துவிட்டது, தூரம்தான் கேள்வி.

நிறங்கள் உண்மையா?

இப்போது பிள்ளைகளின் முதல் கேள்வி. எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் வரும் ஒரு படம் உண்டு. சிவப்பு ரோஜா போன்ற ஒரு நெபுலா. சூரா அர்-ரஹ்மானின் வசனம் ஒன்றோடு சேர்த்துப் பகிர்வார்கள். வசனத்தின் விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள், அது அவர்களுடைய துறை. படத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அது பூனைக்கண் நெபுலா. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 1994 இல் எடுத்தது. பொய்ப் படம் இல்லை. ஆனால் நிறங்கள் வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை. ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகிய மூன்று வாயுக்களின் ஒளியைத் தனித்தனியாகப் படம் பிடித்து, ஐதரசனுக்குச் சிவப்பு, ஒட்சிசனுக்கு நீலம், நைதரசனுக்குப் பச்சை என்று கொடுத்தார்கள். அந்த மூன்று ஒளியும் உண்மையில் சிவப்புப் பக்கத்தைச் சேர்ந்தவைதான். மூன்றையும் சிவப்பாகவே போட்டால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. பாடப்புத்தக வரைபடத்தில் மாகாணங்களுக்கு வேறு வேறு நிறம் தீட்டுவது போல. அதற்காக ஊவா மாகாணம் மஞ்சள் நிறம் என்று யாரும் சொல்வதில்லை. சாதாரண தொலைகாட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தால் அதே நெபுலா நீலப்பச்சையாகத்தான் தெரியும்.

இதில் ஓர் அழகான விடயம்: 1864 ஓகஸ்ட் 29 இரவு ஹகின்ஸ் பார்த்த நெபுலாவும் இதேதான்.

ஆகவே பிள்ளைகளே, பதில் இது. வடிவமும் ஒளியும் உண்மை. எந்த நிறம் எந்த வாயுவுக்கு என்பது எடுத்தவர் செய்த தெரிவு. நேர்மையான ஒருவர் அந்தத் தெரிவைப் படத்தோடு சேர்த்து எழுதுவார். எழுதாத படம் கைக்கு வந்தால், எடுத்தது யார், எப்போது, எந்த வடிகட்டியில் என்று தேடிப் பாருங்கள். இப்போது கணனியே கற்பனையாக நெபுலா வரைந்து தருகிற காலம். தேடாமல் அனுப்பினால், எங்களை அறியாமலேயே பொய்யைப் பரப்பியவர்களாவோம். மார்க்கத்தின் பெயரோடு சேர்த்துப் பொய்யைப் பரப்புவது இன்னும் பாரதூரமானது.

எங்கள் மொட்டைமாடியில்

நாம் பூமியின் நடுக்கோட்டுக்கு மிகக் கிட்ட இருக்கிறோம். ஐரோப்பியர்கள் காணும் வடக்கு வானமும் அவர்களுக்குக் கிடைக்காத தெற்கு வானமும் எங்களுக்குத் தெரியும். ஒரியன் நெபுலா எங்கள் தலைக்கு மேல் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். கிழக்கில் மாரி மழை ஓய்ந்த பிறகு, பெப்ரவரி, மார்ச் மாத மாலைகளில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். ஒரு மங்கல் புள்ளி. ட்ரேப்பரும் கொமனும் பிடித்தது அதைத்தான். அன்ட்ரோமீடாவுக்கு செப்டெம்பரில், நிலவு இல்லாத இரவில், பத்துப் பதினொரு மணிக்கு வடகிழக்கைப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத வயல்வெளியோ கடற்கரையோ நல்லது.

கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் இருக்கும் கமரா, 50 மில்லிமீற்றர் வில்லை, ஒரு முக்காலி, இவை போதும். ஒரியனை நோக்கி வைத்து, வில்லையை நன்றாகத் திறந்து, 4 விநாடிப் படங்களாக 300 எடுங்கள். சேர்த்துப் பார்த்தால் 20 நிமிட ஒளி. டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இலவசம். அவற்றில் அடுக்குங்கள். நாசா தரத்தில் வராது. ஆனால் ஒரியன் நெபுலாவின் வடிவம் உங்கள் சொந்தக் கமராவில், எங்கள் ஊர் வானத்திலிருந்து வந்திருக்கும். எடுத்தவர், திகதி, நேரம், இடம் எல்லாம் எழுதி அந்தப் படத்தைக் குழுவில் போடுங்கள்.

ஊரில் வசதியுள்ள சகோதரர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். பாடசாலைக்கு நுழைவாயில் கட்டிக் கொடுக்கிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம், அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான். ஒரு பாடசாலைக்கு ஒரு நல்ல தொலைகாட்டி கொடுப்பதையும் ஒருமுறை யோசியுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெண்பிள்ளைகளுக்கும். லெவிட்டும் க்ளும்கேயும் இல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி இல்லை.

அஸ்ஸூபி எங்களுடையவர் என்று சொல்ல எங்களுக்கு ஆசை. அந்த உரிமை பெயரால் மட்டும் கிடைக்காது. அவர் தன் முன்னோர் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதைச் செய்கிற பிள்ளைதான், அது லிவர்பூலில் இருந்தாலும் எங்கள் ஊரில் இருந்தாலும், அவருடைய வாரிசு.

அந்தச் சின்ன மேகம் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி 25 இலட்சம் வருடங்களுக்கு முன்னர் புறப்பட்டது. மழைக்காலம் முடியட்டும். ஆர்வமுள்ள பிள்ளைகளும் பெற்றோரும் கீழே கருத்தில் பெயரைப் போடுங்கள். நிலவில்லாத ஒரு இரவில், இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.